முள்ளெலி முகம் திறக்கும் வரை

மூடவும் முடியாமல் திறக்கவும் முடியாமல் பாதியில் நின்றுபோன ஒரு முள்ளுருண்டை மதினியின் மடியில், பழைய துண்டுக்கு நடுவே, விரல்களை மடக்க மறந்துவிட்ட சின்னக் கை போலக் கிடக்கிறது, நான் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், அல்லது அது அப்படிக் கிடந்த அந்த ஒரு பகல் இன்னும் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறது, இரண்டில் எது என்று பிரித்துச் சொல்ல எனக்கு வருவதில்லை, விடியும்போது குழாயடிக்குப் போன என் அண்ணன் மனைவி சங்கரவடிவு மதினி, ஏட்டி, இங்க வா, சத்தம் போடாம வா என்று கூப்பிட்ட குரல் மட்டும் நேற்றுக் கேட்டதுபோல இருக்கிறது, போய்ப் பார்த்தால் ஈர மண்ணில் முள்ளெலி, தேங்காய்ச் சிரட்டைக்குள் அடங்கிவிடும் உடம்பு, பின்னங்கால் இரண்டும் வெட்டி வெட்டி இழுக்கின்றன, நிழல் பட்டாலே பந்தாகிவிடுகிற பிராணி மதினி விரலால் தொட்டும் பந்தாகவில்லை, அதைக் கண்டுதான் அவள் முகம் மாறியது, இது தன்னை மூடிக்கிடக்கூட சத்து இல்லாம கெடக்குட்டி என்றாள்.

பாளையங்கோட்டைக்குத் தெற்கே, உடைமரங்களும் செம்மண்ணுமாகக் கிடந்த காட்டை மட்டம் தட்டிப் பசுஞ்சோலை நகர் என்று பெயர் வைத்திருந்தார்கள், சோலை என்பது நுழைவாயில் வளைவில் எழுதியிருந்த எழுத்தில் மட்டும் இருந்தது, அந்தக் குறையைத் தீர்க்க வேண்டுமே என்று குடியிருப்போர் சங்கத் தலைவர் ஞானசிகாமணி, எங்களுக்கு அடுத்த வீட்டுக்காரர், எங்கிருந்தோ லாரியில் புல்லைப் பாய் பாயாகச் சுருட்டி வரவழைத்துத் தம் வீட்டு முன்னால் விரித்தார், புல்லுக்குத் திறப்பு விழா நடந்தது, ரிப்பன் கட்டி, தாம்பாளத்தில் கத்திரிக்கோல் வைத்து, சொந்த வீட்டுப் புல்லைச் சொந்தக் கையாலேயே திறந்துவைத்துவிட்டு, இயற்கை நம் தாய் என்று அவர் ஒலிபெருக்கியில் பேசியபோது மிச்சமிருந்த உடைமரத்துச் சில்வண்டுகள் கொஞ்சம் கூடுதலாகக் கத்தின, அண்ணாச்சி என்று யாராவது கூப்பிட்டால் அவருக்குக் காது கேட்காது, பிரசிடெண்ட் சார் என்றால் தெருமுனையிலிருந்தும் திரும்புவார், மதினி அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவாள், அதுவும் இரண்டு தடவை.

புல் வந்தால் புழு வரும், புழு வந்தால் வண்டு வரும், இது மண்ணுக்குத் தெரிந்த கணக்கு, தலைவருக்கு இது சங்கத்துக்கு எதிரான சதி, வண்டைத் தின்ன முள்ளெலி வருவதைப் பற்றி மதினி சுவரோரமாக நின்று சொன்னாள், அது பாட்டுக்கு ராத்திரி வந்து பூச்சியப் பெறக்கித் தின்னுட்டுப் போயிரும் அண்ணாச்சி, காசு கேக்காது, போட்டோவுக்கும் நிக்காது, விட்டுருங்க, அவர் சிரித்து, விஞ்ஞான முறைன்னு ஒண்ணு இருக்கும்மா என்று சொல்லிவிட்டு நீல நிறக் குருணை மருந்தைப் புல் முழுக்கத் தூவச் செய்தார், மோர்மிளகாய்க்கு உப்புத் தூவுவதுபோல அவ்வளவு பிரியமாக, இந்தப் பக்கம் மதினியோ தண்ணீர்த் தொட்டிப் பள்ளத்தில் விழுந்த பிராணி ஏறி வரட்டும் என்று ஒரு பலகையைச் சாய்த்து வைத்திருந்தாள், சருகுக் குவியலைக் கம்பால் கிளறிப் பார்க்காமல் தீ வைக்க மாட்டாள், முள் சிக்கிக்கொள்ளும் என்று பிள்ளைகளின் பந்து விளையாட்டு வலையைச் சாயங்காலம் சுருட்டி மேலே கட்டிவிடுவாள், எலிக்குப் படிக்கட்டு கட்டுன ஒரே வீடு நம்ம நகர்லதான் இருக்கு என்று தலைவர் பொதுக்கூட்டத்தில் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள், மதினியும் சிரித்தாள், பலகையை எடுக்கவில்லை.

கால்நடை மருத்துவர் போனில்தான் கிடைத்தார், பால் மட்டும் குடுத்துராதீங்க, கரித்தூள் கரைச்ச தண்ணிய வாயோரத்துல சொட்டுச் சொட்டா விடுங்க, வெதுவெதுப்பா வையுங்க, வெளிச்சம் வேண்டாம், முதல்ல அது தன்னை முழுசா மூடணும், அப்புறம் தானா முகத்தைத் திறக்கணும், திறந்தா பிழைச்சுது, நாம செய்யறதுக்கு வேற ஒண்ணும் இல்லம்மா என்றார், மதினி ஒரு துணித்திரியை நனைத்து நனைத்து அதன் உதட்டோரம் வைக்கிறாள், ஒரு சொட்டு இறங்குகிறது, ஒரு சொட்டு வழிகிறது, ஜன்னலுக்குப் போர்வை கட்டிய அந்த அரையிருட்டில் நான் முதல் முறையாக ஒரு முள்ளெலியைச் சாவகாசமாகப் பார்க்கிறேன், ஒவ்வொரு முள்ளும் அடியில் வெளுத்து நடுவில் கருத்து நுனியில் மறுபடி வெளுத்து, யாரோ பொழுதுபோகாமல் ஒவ்வொன்றாகத் தீட்டி நட்டதுபோல, அத்தனை ஆயுதத்துக்கும் கீழே குழந்தையின் காதுமடல் போல ஒரு வயிறு, ஏறி இறங்குகிறது, சில சமயம் ஏற மறந்துவிடுகிறது, அப்போது மதினியும் மூச்சு விடுவதில்லை.

முள்ளெலியை அதற்கு முன்னால் நான் உயிரோடு பார்த்ததில்லை, ருசித்திருக்கிறேன், சின்ன வயதில் கக்குவான் இருமல் வந்தபோது அதன் காய்ந்த தோலைச் சுட்டுக் கரியாக்கிக் கல்லில் உரசித் தேனில் குழைத்து நாக்கில் தடவினார்கள், எங்கள் பக்கம் எல்லா வீட்டுப் பிள்ளைகளும் அதைத் தின்றுதான் இருமி முடித்தோம், மயிர் கருகிய நாற்றம், அதற்கு மேல் தேன், அந்தச் சின்ன வயது வீட்டுக்கும் இந்த வீட்டுக்கும் நடுவில் எங்கேயோ நான் கண்ணசந்திருக்கிறேன், என் நாக்கில் முள் முளைக்கிறது, அடியில் வெளுத்து, நடுவில் கருத்து, பேச வாய் திறந்தால் எல்லா முள்ளும் விறைத்துக்கொண்டு எழுகின்றன, யாரோ இருமுகிறார்கள், இருமுவது நானா என்று விழித்தால் சுவருக்கு அந்தப் பக்கம் தலைவரின் பேத்தி, தவழும் குழந்தை, மூன்று நாளாக விடாமல் இருமிக்கொண்டிருந்தது, மதினி என் முழங்காலைத் தட்டுகிறாள், பாருட்டி, மூடிக்கிட்டு, என்கிறாள், மடியில் இப்போது கால் இல்லை, மூக்கு இல்லை, வயிறு இல்லை, எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரியாத முழு உருண்டை, ஒரு உயிர் தன்னைத்தானே உள்ளே வைத்துப் பூட்டிக்கொள்ள முடிவதே எவ்வளவு பெரிய காரியம் என்று நான் அதுவரை நினைத்துப் பார்த்ததில்லை, இனி அது திறக்க வேண்டும்.

பொழுது சாய்கிற நேரத்தில் பின்வாசல் வழியாகத் தலைவர் வந்தார், முன்வாசல் தவிர வேறு வாசல் உண்டென்றே அறியாதவர், செருப்பை வெளியே விட்டுவிட்டு, வேட்டிக்குள் எதையோ மறைத்துக்கொண்டு, சங்கரவடிவம்மா இருக்கீங்களா என்று ஒலிபெருக்கி இல்லாத குரலில் கேட்டார், மறைத்தது ஒரு சின்ன எவர்சில்வர் டப்பா, எனக்கு இதுல எல்லாம் நம்பிக்கை கிடையாது, நான் சயன்ஸ் படிச்சவன், வீட்ல பொம்பளைங்கதான், மருந்து குடுத்தும் பிள்ளைக்கு இருமல் நிக்கல, நீங்க முள்ளெலி வச்சிருக்கறதா வேலைக்காரம்மா சொன்னா, கொஞ்சம் தோலு, நாலு முள்ளு இருந்தாப் போதும்னு... மதினி நிமிரவில்லை, செத்தாத்தான அண்ணாச்சி தோலு என்றாள், எப்படியும் சாகத்தானம்மா போகுது என்றார் அவர், சொல்லிவிட்டுத் தாமே கொஞ்சம் கூசினார்.

மதினி குரலை உயர்த்தவில்லை, உறங்குகிற பிள்ளையை வைத்துக்கொண்டு பேசுவதுபோலத்தான் பேசினாள், உங்க குருணையத் தின்ன வண்டத் தின்னுதான் இது இப்பிடிக் கெடக்கு அண்ணாச்சி, இதச் சுட்டு உரசுனா பிள்ள வாயில எது போவும்னு நீங்களே சொல்லுங்க, நீங்க சயன்ஸ் படிச்சவுக, அவர் டப்பாவைப் பார்த்தார், மூடியைப் போட்டார், பிறகு மதினி சொல்லாத ஒன்று அவருக்குத் தானாகத் தோன்றியிருக்க வேண்டும், சங்கத்து ஆண்டு மலருக்காக அந்தப் பேத்தியைப் புல்லில் தவழவிட்டு எடுத்த படம் எல்லா வீட்டுக்கும் வந்திருந்தது, பசுமையின் மடியில் என்று கீழே எழுதியிருந்தது, பிள்ளை ஒரு கையால் புல்லைப் பிடுங்கி வாய்க்குக் கொண்டுபோவது படத்தில் தெளிவாகத் தெரியும், குருணை அதற்குப் பிறகு போட்டதா முன்பே போட்டதா என்று அவர் தமக்குள் கணக்குப் போடுவது நெற்றியில் தெரிந்தது, போனை எடுத்து வீட்டுக்குப் பேசினார், பிள்ளையப் புல்லுல விடாத, இல்ல, எப்பவும் விடாத, ஆஸ்பத்திரிக்குக் கெளம்பி நில்லு, புல்லுக்குப் போட்ட மருந்து டப்பாவையும் கையில எடுத்துக்கோ, டாக்டர்ட்டக் காட்டணும், என்ன ஏதுன்னு அப்புறம் சொல்றேன், ஆமா, புல்லு போனாப் போகட்டும், எதிர் வீட்டுல காரை எடுக்கச் சொல்லு, நம்ம கார் டிரைவர் வர நேரமாகும் என்றார், வைத்தார், கிளம்ப வேண்டியவர் கிளம்பாமல் எங்கள் சிமெண்டுத் தரையில் முழங்கால் ஊன்றி உட்கார்ந்தார், சங்கத் தலைவர் தரையில் உட்காரும்போது எலும்புகள் மற்றவர்களுக்கு வருகிற அதே சத்தத்தைத்தான் போடுகின்றன, இது பிழைச்சிருமா அண்ணி என்று மதினியைக் கேட்டார், இதுவரை யாரையும் அவர் அண்ணி என்று சொல்லி நான் கேட்டதில்லை, மொகத்தத் தொறந்தாப் பிழைக்கும், கார் வர்ற வரைக்கும் இருங்க அண்ணாச்சி, சத்தம் காட்டாம இருங்க, என்றாள்.

மூன்று பேரும் ஒரு துண்டைச் சுற்றிக் குனிந்திருக்கிறோம், நெற்றியில் ஒரு சுருக்கம் அவிழ்வது போல முதலில் முள்வரிசையில் ஒரு கோடு தளர்கிறது, கோடு பிளவாகிறது, பிளவுக்குள் ஈரமாக, கறுப்பாக, மிளகு அளவுக்கு ஒரு மூக்கு, அது காற்றைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறது, வந்துட்டு என்று மதினி உதட்டை மட்டும் அசைக்கிறாள், பிறகு ஒரு கண், பிறகு இன்னொன்று, தலைவர் தம்மை அறியாமல் துண்டின் ஓரத்தைப் பிடித்துவிட்டார், மூக்கு அந்த விரலை நோக்கித் திரும்பியது, நுகர்ந்தது, சின்ன நாக்கை நீட்டி நக்கியது, நக்கிக்கொண்டே மெல்வதுபோல வாயை அசைத்தது, வாயிலிருந்து வெள்ளையாக நுரை வந்தது, போச்சு, நுரை தள்ளுது, போச்சு என்று தலைவர் அழுகிற குரலில் சொன்னார், மதினியின் கை துணித்திரிக்குப் போய்ப் பாதியில் நின்றது, ஏனென்றால் அது சாகவில்லை, முன்கால்களை அகல ஊன்றிக்கொண்டது, கழுத்தைப் பின்னால், நம்ப முடியாத தூரத்துக்கு வளைத்தது, நீண்ட நாக்கால் அந்த நுரையை எடுத்துத் தன் முள்ளின் மேல் பூசியது, திரும்பி வந்து மறுபடி விரலை நக்கியது, மறுபடி நுரைத்தது, மறு தோளில் பூசியது, அவ்வளவு கருத்தாக, குளித்து முடித்தவர் திருநீறு இடுவதுபோல, எங்கள் மூவரில் யாரும் இருப்பதாகவே நினைக்காமல், சாயங்காலம் பிள்ளை நெஞ்சுல தைலம் தேச்சேன், கைய நல்லாக் கழுவல என்று தலைவர் மெதுவாகச் சொன்னார், புது வாசன கண்டா இப்பிடித்தான் நுரைச்சுப் பூசிக்கிடும் என்றாள் மதினி, அவர் விரலை எடுக்கவில்லை, வாசலில் கார் வந்து நின்ற சத்தம் கேட்டும் இன்னும் ஒரு மூச்சு நேரம் எடுக்கவில்லை, பேத்தியின் தைலம் நுரையாகி ஒவ்வொரு முள்ளாக ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நான் உட்கார்ந்திருக்கிறேன், மதினியின் மடியில் அது நாலு காலில் நிற்கிறது, முகம் முழுவதும் திறந்திருக்கிறது, முதுகெல்லாம் வெள்ளைப் பூ.