செலவாகாத மின்சாரத்துக்கு ஒரு விளக்கு

சகலைகள் இருவருக்கும் நடுவே ஒரு பிளைவுட் தடுப்பு இருந்தது. முன்பக்கம் மூத்தவர்: சுழல் நாற்காலி, கண்ணாடி மேசை, தன் படமே போட்ட காலண்டர். பின்பக்கம் இளையவர்: சால்டரிங் இரும்பு, ஆஸிலோஸ்கோப், எரிச்சல். மாமனார் இரண்டு மகள்களுக்கும் சரிபாதியாக விட்டுப்போன எலக்ட்ரானிக்ஸ் பட்டறை அது. மகள்கள் பங்கு பிரித்துக்கொண்டார்கள். மருமகன்கள் பகை பிடித்துக்கொண்டார்கள்.

மூத்தவரைப் பட்டறையில் 'சேர்மன்' என்பார்கள். நான்கு பேர் வேலை செய்யும் இடத்துக்கு எதற்குச் சேர்மன் என்று யாரும் கேட்டதில்லை. கேட்டால் விளக்கம் சொல்வாரே என்ற பயம்தான். இளையவர் 'மைக்ரோ'. மின்சாரத்தை மைக்ரோ ஆம்பியரில் எண்ணுவதால் வந்த பெயர் என்று அவர் நினைத்திருந்தார். மனசைப் பார்த்து வைத்த பெயர் என்பது வைத்தவர்களுக்குத் தெரியும்.

ஒரு கண்காட்சியில் சேர்மன் அவரை, "இது நம்ம பையன், சால்டரிங் பாத்துக்கறான்" என்று அறிமுகப்படுத்தினார். அன்றோடு பேச்சு நின்றது. பிறகு சேதி எல்லாம் மைக்ரோவின் மனைவி வழியாகத்தான். சர்க்யூட் பலகைகளில் பாகங்களைப் பற்றவைக்கிறவள் அவள்தான். தடுப்பின் இரண்டு பக்கமும் போக அவள் ஒருத்தியால்தான் முடியும். சேதியை வாங்கின மாதிரியே அவள் கொடுத்ததில்லை. "அந்த மண்டூகத்துகிட்ட சொல்லு" என்று கிளம்பியது, போய்ச் சேரும்போது "அத்தான், அவரு என்ன சொல்றாருன்னா..." ஆகியிருக்கும்.

நாற்றுப் பண்ணைக்கார அம்மாள் ஒருத்தி வந்தாள். தண்ணீர் மோட்டாரைத் தானாகப் போட்டு நிறுத்த ஒரு பெட்டி வேண்டுமாம்.

"கரண்டு வரும், போகும். பெட்டி மட்டும் பேட்டரியில முழிச்சிருக்கணும். அடிக்கடி பேட்டரி மாத்த எனக்கு ஆள் கிடையாது. ஒண்ணு வச்சுப் பாக்கறேன். சரியா வந்தா எல்லாக் கொட்டகைக்கும் வாங்கறேன்."

அவள் போனதும் சேர்மன் சேதி அனுப்பினார். "இது தேறலேன்னா பின்ரூமைக் காலி பண்ணி கான்ஃபரன்ஸ் ஹால் ஆக்கப்போறேன். அவரு பையைத் தூக்கிட்டு ஆர்டர் பிடிக்கப் போகட்டும்."

இந்த ஒரு சேதியை மட்டும் மனைவி எழுத்து மாறாமல் கொண்டுபோய்ச் சேர்த்தாள். அதில் தண்ணீர் கலக்க இடமே இல்லை. மைக்ரோவின் முகம் செத்துவிட்டது. அடுத்த வீட்டுக்காரர் வணக்கம் சொன்னாலே கதவைச் சாத்திக்கொள்கிறவர் அவர். படியேறிப் படியேறிச் சிரிப்பதைவிட அந்த மேசையடியிலேயே புதைத்துவிடச் சொல்வார்.

வேலை தொடங்கியது. மோட்டாரைப் போட்டு நிறுத்துகிற சுவிட்சுதான் ரிலே. சாதாரண ரிலே, காயில் என்கிற கம்பிச்சுருளில் மின்சாரம் ஓடுகிறவரைக்கும்தான் பிடித்துக்கொண்டு நிற்கும். லாச்சிங் ரிலே அப்படியில்லை. ஒரு தள்ளு தள்ளினால் அந்தப் பக்கம் படுத்துவிடும். எதிரே இன்னொரு தள்ளு தள்ளினால் இந்தப் பக்கம். இடையில் ஒரு பருக்கைகூடக் கேட்காது. அதனால் மைக்ரோ பேட்டரியிலிருந்து சொட்டுச் சொட்டாக ஒரு கெப்பாசிட்டரை நிரப்பி, வேளை வந்ததும் அதை ஒரே மூச்சில் காயிலில் கொட்டுகிற மாதிரி சர்க்யூட் போட்டார். நல்ல சர்க்யூட். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

ரிலே செய்தவர்கள் இருபது மில்லி செகண்டாவது தள்ளச் சொல்லியிருந்தார்கள். "இருபதாம்! சோம்பேறிப் பயலுக எழுதினது" என்று மைக்ரோ பதினைந்தாகக் குறைத்தார். ரிலே 'டக்' என்றது. பன்னிரண்டு. டக். எட்டில் நிறுத்தினார். ஒரு நாளைக்கு நாலே தட்டு தட்டுகிற பெட்டியில் அதை மிச்சம் பிடித்து ஆவது ஒன்றுமில்லை. ஆனால் எட்டு என்று சொல்லிக்கொள்ளலாமே. சொல்லிக்கொள்ள ஆள்தான் இல்லை. மனைவியிடமே மூன்று முறை சொன்னார்.

முன்பக்கத்தில் இன்னொரு ஆராய்ச்சி நடந்தது. சேர்மன் பெட்டிக்குப் 'பூஜ்ய சக்திப் புரட்சி' என்று பெயர் வைத்து ஸ்டிக்கரும் அடித்துவிட்டார். அப்போதுதான் அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது. மைக்ரோவின் மனைவியைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, சக்தி செலவாகலைன்னு பாக்கறவனுக்கு எப்படித் தெரியும்? ஒரு பச்சை லைட்டு வேணும். ராப்பகலா எரியணும். போய்ச் சொல்லு."

சொன்னாள்.

"லைட்டு வேணும்னா அந்தாளு மண்டைக்குள்ள போட்டுக்கச் சொல்லு. அங்கதான் இருட்டா கெடக்கு" என்றார் மைக்ரோ. "என் சர்க்யூட்டு மாசம் பூரா தின்னறதை அந்த லைட்டு ஒரே நாள்ல முழுங்கிடும்."

அவள் திரும்பி வந்து, "யோசிக்கிறாராம், அத்தான்" என்றாள்.

தான் சொன்னதை ஒருவர் யோசித்தால் ஒப்புக்கொண்டதாகத்தான் அர்த்தம் என்பது சேர்மனின் கணக்கு. "அப்ப வச்சிடு." வைத்தாள். இரண்டு பேருமே முதலாளி. யார் பேச்சைத் தட்டுவது?

பண்ணையில் பெட்டியை மாட்டிய அன்று சேர்மன் கோட்டு போட்டுக்கொண்டு, கத்தரிச் செடிகளுக்கு முன்னால் சொற்பொழிவு ஆற்றினார். போர்த்தியிருந்த துணியை விலக்கியதும் பச்சை விளக்கு பளிச்சென்று தெரிந்தது. மைக்ரோ அதை அப்போதுதான் பார்த்தார். ஒரு வார்த்தை போதும். ஆனால் அந்த வார்த்தையைச் சேர்மனிடம் சொல்லவேண்டும். முதலில் வாயைத் திறந்தவன் தோற்றவன். மனைவியோ வீட்டில் இருந்தாள். எரியட்டும், நாறட்டும், அவமானம் அவருக்குத்தானே என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். போகப்போவது தன் அறை என்பது வீடு வந்து சேர்ந்த பிறகுதான் உறைத்தது. அப்போதும் அவர் யாரிடமும் சொல்லவில்லை.

அந்த மாதம் முடியுமுன்பே போன் வந்தது. மூன்று பேரும் போனார்கள். கொட்டகையில் கணுக்கால் அளவு தண்ணீர்.

"வாங்க, புரட்சிக்காரங்களே" என்றாள் அம்மாள். "மோட்டார் நிக்கவே இல்ல. நான்தான் ஓடிவந்து மெயினை அணைச்சேன். நாத்தெல்லாம் நீச்சல் அடிக்குது. லைட்டு மட்டும் இன்னும் மினுக்குது. அது எதுக்குய்யா எரியுது?"

"சக்தி செலவாகலைன்னு காட்டறதுக்கும்மா" என்றார் சேர்மன்.

"காட்டுது. நல்லாவே காட்டுது."

மைக்ரோவால் அதற்குமேல் முடியவில்லை. "யோவ், இருந்த பேட்டரியை எல்லாம் லைட்டுக்கே ஊட்டிட்டியேய்யா! ரிலேயைத் தள்ள ஒண்ணும் மிச்சமில்ல!"

"யாரை யோவ்ங்கறே? யோசிச்சு சரின்னு சொன்னது நீதானே?"

"நான் எப்பய்யா யோசிச்சேன்?"

இருவரும் மைக்ரோவின் மனைவி பக்கம் திரும்பினார்கள்.

"என்னை முறைக்காதீங்க" என்றாள் அவள். "நீங்க பேசினதை அப்படியே கொண்டுபோயிருந்தா இந்நேரம் ஒருத்தர் ஆஸ்பத்திரியில, ஒருத்தர் ஜெயில்ல."

"உங்க குடும்பக் கதை எனக்கு எதுக்கு?" என்றாள் அம்மாள். "லைட்டைப் புடுங்கினா ஓடுமா, ஓடாதா?"

"ஓடும்" என்றார் மைக்ரோ. விளக்கைக் கத்தரித்துச் சேர்மன் கையில் திணித்தார். புதுப் பேட்டரி போட்டார். பொத்தானை அழுத்தினார். டக். நிறுத்தும் பொத்தானை அழுத்தினார்.

ஒன்றுமில்லை.

மறுபடி அழுத்தினார். ரிலே அசையவில்லை. ஈரமும் குளிரும் ஏறிய கொட்டகையில் அவருடைய எட்டு மில்லி செகண்ட் அதற்குப் போதவில்லை. இப்போது பழி போட விளக்கும் இல்லை. எட்டு என்பது வீம்பு, தப்பு என்று ஒரு வார்த்தை சொன்னால் ஆர்டரும் முடிந்தது, அறையும் முடிந்தது. மைக்ரோ மெல்ல நகர்ந்து எல்லோருக்கும் முதுகைக் காட்டி நின்றார். தள்ளு எவ்வளவு நேரம் என்பதைத் தீர்மானிக்கிற ரெசிஸ்டரை வெட்டி எறிந்துவிட்டு, பையிலிருந்து பெரியதாக ஒன்றை எடுத்துப் பற்றவைத்தார். இருபதுக்கும் மேலே.

"என்ன இவ்வளவு நேரம்?"

"லைட்டோட மிச்சம் மீதி இருந்துச்சும்மா. அதை எடுத்தேன்."

டக். டக். அம்மாள் தானே பத்துப் பதினைந்து தடவை அழுத்திப் பார்த்தாள். "இன்னொரு மாசம் பாக்கறேன்" என்றாள்.

சேர்மனுக்கு சர்க்யூட் தெரியாது. ஆனால் திருட்டு முழி தெரியும்; தினமும் கண்ணாடியில் பார்க்கிறவர். கோட்டு நனையக் குனிந்து, தண்ணீருக்குள் கிடந்த துண்டுக் கம்பியோடு அந்த ரெசிஸ்டரைப் பொறுக்கினார்.

"சகலை" என்றார், தேன் ஒழுக. "லைட்டு முழுசா என் கையில இருக்கு. இது யாரோடது?"

மைக்ரோ கருவிகளைப் பைக்குள் அள்ளிப்போட்டார். சேர்மன் அதைச் சட்டைப்பையில் போட்டுத் தட்டிக்கொண்டார்.

பெட்டி அந்த மாதம் பிசகாமல் ஓடியது. அம்மாள் எல்லாக் கொட்டகைக்கும் ஆர்டர் கொடுக்க வந்தாள். சேர்மன் தடுப்பின் கதவைத் தானே திறந்து, "சகலை, கொஞ்சம் வாங்க" என்றார். "லைட்டே இருக்கக்கூடாதுன்னு முதல்ல சொன்னது யாருன்னு அம்மா கேக்கறாங்க. நீங்களே உங்க வாயால சொல்லுங்க."

அவர் விரல் அந்த ரெசிஸ்டர் கிடந்த சட்டைப்பைமேல் இருந்தது.

மைக்ரோ தன் அறையைத் திரும்பிப் பார்த்தார். மேசை, இரும்பு, ஆஸிலோஸ்கோப், சாத்திக்கொள்ள ஒரு கதவு.

"அண்ணன்தாம்மா" என்றார்.

"கேட்டீங்களா?" என்று சேர்மன் நாற்காலியில் ஒரு சுற்றுச் சுற்றினார். அதன்பின் நடுவே சேதி கொண்டுபோக ஆளே தேவைப்படவில்லை. காலை முதல் மாலைவரை தடுப்புக்கு அப்பாலிருந்து அன்பொழுக "சகலை" என்று குரல் வரும். மைக்ரோ இரும்பை அதன் தாங்கியில் வைத்துவிட்டு எழுந்து போவார்.