ஆவி காட்டாத பாசி

"கையில என்ன, மை கொட்டிக்கிட்டியா?"

நீராவி சார் என்னிடம் நேராகக் கேட்ட முதல் கேள்வி அதுதான். கேட்டாரே தவிர, பதிலுக்கு நிற்கவில்லை. லேப் கதவு அவர் பின்னால் மூடிக்கொண்டது. நின்றிருந்தாலும் நான் பதில் சொல்லியிருப்பேனா என்பது சந்தேகம். எழுந்து நின்று பதில் சொல்லச் சொன்னால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஒன்பதாம் வகுப்பில் பாதியிலேயே பள்ளிக்கூடத்தை விட்டதற்கு அதுதான் காரணம். வீட்டில் வயிற்றுவலி என்று சொல்லி வைத்திருந்தேன்.

நானும் அம்மாவும் வேலை செய்தது ஒரு பால் ஆலையின் பின்புறம். கேன்களையும் குழாய்களையும் கழுவிய தண்ணீர் எங்கள் குளத்துக்கு வரும். குளம் என்றால் நீள வட்டமாகச் சிமெண்டில் கட்டியது, முழங்கால் ஆழம்கூட இருக்காது. ஒரு துடுப்புச் சக்கரம் ஓயாமல் சுற்றித் தண்ணீரை ஓட வைக்கும். அந்தக் கழுவுநீரைத் தின்று பாசி வளரும். பாசிக்குள் ஒரு நீலச் சாயம் இருக்கிறது. பிரித்தெடுத்துக் கொடுத்தால் சோப்புக் கம்பெனி வாங்கிக்கொள்ளும். தண்ணீரும் தெளியும், சாயமும் கிடைக்கும்.

ஆறு மாதத்துக்கு முன் குளம் கட்டியதிலிருந்தே அது அம்மாவின் பொறுப்பு. பால் தண்ணீர் சீக்கிரம் புளித்துவிடும், புளித்தால் பாசி வளராது. காலையும் மாலையும் சோதனைத் தாளை நனைத்து நிறம் பார்த்து, வேண்டிய அளவு சோடா உப்பு கரைத்து ஊற்றுவாள். சக்கரம் திணறினால், "ஏன்டா சோம்பேறி, சோறு போட்டாத்தான் சுத்துவியா?" என்று அதட்டுவாள். அது எப்படியோ சுற்றும்.

எனக்கு வடிதுணி வேலை. பாசியை வடிக்கிற துணிகளிலிருந்து கூழை வழித்துத் தட்டில் சேர்ப்பேன். பிறகு துணிகளை அலசிக் காயப்போடுவேன்.

கூழிலிருந்து நீலத்தைப் பிரிக்கிற லேபின் தலைவருக்கு நீராவி என்று பெயர் வைத்தவளும் அம்மாதான். வந்த முதல் வாரமே அவர் ஓர் உத்தரவு போட்டார். கழிவுத் தண்ணீரில் வளர்ந்த எதுவும் அரைமணி நேரம் ஆவியில் வேகாமல் லேப் வாசலைத் தாண்டக் கூடாது. அதற்கென்று ஆள் உயரத்துக்கு ஒரு பெட்டி வந்து இறங்கியது.

"பால் கழுவின தண்ணி சார். சாக்கடை இல்ல," என்றாள் அம்மா.

"நீங்க குடிப்பீங்களா?"

"நீங்க சோப்பைக் குடிப்பீங்களா சார்?"

சக்கரத்துக்கு எண்ணெய் விட வந்தவர் சிரித்துவிட்டார். சார் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து குளத்துக் கூழ் தட்டுத் தட்டாக வெந்து உள்ளே போயிற்று. லேபுக்குள் ஒரு கண்ணாடித் தொட்டியும் உண்டு. வருகிறவர்களுக்குக் காட்டுவதற்காகக் குழாய்த் தண்ணீரில், எங்கள் குளத்து விதையையே போட்டு வளர்த்தார்கள். அந்தப் பாசிக்கு ஆவி கிடையாது. அது நல்ல வீட்டுப் பிள்ளை.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் குழாயில் தண்ணீர் நின்றுபோனது. அலசாத துணியை அப்படியே விட்டால் திங்கட்கிழமை செத்த மீன் மாதிரி நாறும். வெளியே ஒரு பழைய ஃப்ரீசர் இருந்தது. துணிகளைச் சுருட்டி அதில் திணித்துவிட்டுப் போனேன். திங்கள் காலை விறைத்துக் கிடந்தவற்றை எடுத்து வாளித் தண்ணீரில் போட்டேன். பனி இளகியதும் துணியிலிருந்து நீலம் இறங்கியது. கொஞ்சநஞ்சமில்லை, வாளி முழுக்க. கையை விட்டு எடுத்தேன். விரல் இடுக்கெல்லாம் நீலம்.

அன்றுதான் சார் மை கொட்டிக்கொண்டாயா என்று கேட்டது.

அடுத்த வாரம் அவருடைய ரிப்போர்ட் வந்தது. தொட்டிப் பாசியில் நீலம் உண்டு. குளத்துப் பாசியில் இல்லை. சோடா உப்பு ஒழுங்காகப் போடாததால் குளத்தில் வேறு பாசி புகுந்துவிட்டது. குளத்தை வடித்துக் கொட்ட வேண்டும். அதோடு ஒரு காகிதம், 'என் கவனக்குறைவால்' என்று தொடங்கி, அம்மா கையெழுத்துப் போட இடம் விட்டு. வெள்ளிக்கிழமைக்குள் போட வேண்டும்.

"போட்டுட்டுப் போறேன்," என்றாள் அம்மா, வீட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டே. "பெருக்குற வேலை தர்றாங்களாம்."

"நீ ஒரு வேளைகூட உப்பு தவறவிட்டதில்ல."

"எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும். அவர் கோட்டு போட்டிருக்கார்டி."

"கோட்டு போட்டா?"

"கோட்டு போட்டா அவர் சொல்றது ரிப்போர்ட்டு, நான் சொல்றது வாயாடித்தனம். விடு."

நடுராத்திரியிலும் எழுந்து சக்கரம் சுற்றுகிறதா என்று கேட்கிற பொம்பளை 'என் கவனக்குறைவால்' என்று எழுதிக்கொடுக்க வேண்டுமா? வாளியைப் பற்றி நான் அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் அப்போதே ஓடிப்போய்க் கத்துவாள். அவள் கத்தினால் யாரும் காதில் வாங்கமாட்டார்கள்.

மறுநாள் மூன்று ஜாடி எடுத்தேன். முதல் ஜாடியில் குளத்துக் கூழ், சாருடைய பெட்டியில் வெந்தது. இரண்டாவதில் அதே கூழ், ஆவி காட்டாதது. கண்ணாடித் தொட்டியின் வடிதுணியும் என்னிடம்தான் அலச வரும். அதில் ஒட்டிய கூழை வழித்து, எங்கள் தட்டுகளோடு சேர்த்து ஆவிப் பெட்டிக்குள் தள்ளினேன். வெந்து வந்ததை மூன்றாவது ஜாடியில் போட்டேன். மூன்றையும் ஃப்ரீசரில் வைத்தேன். வெள்ளிக்கிழமை காலை எடுத்துத் தண்ணீர் ஊற்றி, இளகி அடியில் படியும் வரை தொடாமல் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மேனேஜர் அறைக்குள் நான் ஜாடிகளோடு நுழைந்தபோது அம்மா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள், எதிரே மேனேஜரும் நீராவி சாரும். பேனா கையில் இருந்தது.

"நீ எதுக்குடி வந்த?"

நாக்கு ஒட்டிக்கொண்டது. ஜாடிகளை மேசைமேல் வைத்தேன். முதலாவதும் மூன்றாவதும் கழனித்தண்ணீர் மாதிரி மஞ்சள்பச்சை. நடுவில் இருந்தது நீலம்.

"அது நம்ம தொட்டிப் பாசி," என்றார் நீராவி சார் மேனேஜரிடம். "நடுவுல இருக்கறது."

"இல்ல சார்."

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

"நடுவுல இருக்கறது குளத்துப் பாசி. ஆவி காட்டாதது. இது குளத்துப் பாசியை ஆவி காட்டினது. இந்த மூணாவதுதான் உங்க தொட்டிப் பாசி. அதையும் ஆவி காட்டிட்டேன்."

"யாரைக் கேட்டு என் பாசியை எடுத்த?"

"துணியில ஒட்டினது சார். தினம் அலசிக் கொட்டச் சொல்வீங்களே, அதுதான்."

மேனேஜர் மூன்றாவது ஜாடியைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"அப்போ ஆவிதான் நீலத்தைக் கெடுக்குதா?"

"குளத்துல கிருமி இருக்கும்," என்றார் சார். "அதை அப்படியே லேபுக்குள்ள விடணுமா?"

"மொதல்ல நீலத்தை எடுத்துருங்க. அப்புறம் கிருமியை வடிகட்டுங்க. நல்ல வடிகட்டி உங்ககிட்டதான் இருக்கு, நான்தான் துடைக்கறேன்." மூச்சு வாங்கியது. ஆனாலும் நிறுத்தவில்லை. "நீங்க குளத்தைச் சோதிக்கல சார். வேகவெச்சதைத்தான் சோதிச்சீங்க. வேகவெச்சா உங்க தொட்டிக்கும் இதே கதிதான்."

"எத்தனாவது படிச்சிருக்க நீ?"

"ஒன்பதாவதுல பாதி."

"அதான்."

"சந்தேகமா இருந்தா இன்னொரு தட்டு வெச்சுப் பாருங்க சார். நீங்களே வெச்சுப் பாருங்க. நான் கிட்டயே வரல."

சார் ஜாடியைப் பார்த்தார். மேனேஜரைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

அம்மா நடு ஜாடியைத் தன் பக்கம் இழுத்தாள். விரலை விட்டு எடுத்தாள்.

"இது என் குளத்துல வந்ததா?" என்று என்னிடம் கேட்டாள், கிசுகிசுப்பாக.

"ஆமா."

"ஆறு மாசமாவா?"

"முதல் நாள்லேருந்தே இருந்திருக்கும்மா."

மேனேஜர் தொண்டையைச் செருமினார். நல்ல மனிதர்தான், எல்லோரிடமும் நல்லவராக இருக்கப் பார்ப்பார், அதுதான் அவரிடம் உள்ள கோளாறு.

"சரி, குளத்தைக் கொட்ட வேண்டாம். திங்கட்கிழமையிலேருந்து ஆவியும் வேண்டாம். நல்லதாப் போச்சு." காகிதத்தை அம்மா பக்கம் நகர்த்தினார். "இது மட்டும் போட்டுக் குடுத்துடுங்கம்மா. ரிப்போர்ட்டு மேலிடத்துக்குப் போயிடுச்சு. சாருக்கும் ஒரு மரியாதை இருக்கில்ல? ஒரு காரணம்னு எழுதியாகணும். குளம் உங்ககிட்டயே இருக்கும், பெருக்கப் போக வேண்டாம். இது ஃபைலுக்குள்ள தூங்கப்போற காகிதம்."

என்னிடம் இருந்ததையெல்லாம் சொல்லித் தீர்த்துவிட்டிருந்தேன். நான் பயந்ததும் இதற்குத்தான். குளம் கையில் இருந்தால் போதும் என்று அம்மா போட்டுவிடுவாள். ஆறு மாதமாக அவளுக்கு வேண்டியதெல்லாம் அந்தக் குளம்தான்.

அம்மா காகிதத்தை எடுத்து முதலிலிருந்து படித்தாள். எழுத்துக்கூட்டி, உதடு அசைய, மெதுவாக. 'கவனக்குறைவால்' வந்த இடத்தில் நீலம் ஏறிய விரலை அழுத்தி வைத்தாள். விரலை எடுத்தபோது அந்தச் சொல்லின் மேல் ஒரு கறை இருந்தது.

"போடுங்கம்மா," என்றார் மேனேஜர். "சும்மா ஒரு கையெழுத்து."

நீராவி சார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார்.

அம்மா பேனாவின் மூடியைத் தேடி எடுத்துப் போட்டாள். அது 'டக்' என்று உட்கார்ந்தது. பேனாவைக் காகிதத்தின் மேல் வைத்து, இரண்டையும் சேர்த்து, மேசையின் மறுபக்கம், நீராவி சார் முன்னால் தள்ளினாள். எழுந்தாள். யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று நான் காத்திருந்தேன். எல்லோரும் அவள் சொல்வாள் என்று காத்திருந்தார்கள். அவள் கதவைத் திறந்து, வாய் திறக்காமல் வெளியே போனாள்.