பச்சை நாற்காலி

வாசலில் குவிந்து கிடந்த செருப்புகளுக்குள் நளினி தன் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். ஆபீஸ் ஷூக்களும் குதிகால் செருப்புகளும் லிஃப்ட் வரைக்கும் பரந்து கிடந்தன. முந்தாநாள் வரை அந்த இடத்தில் இரண்டே ஜோடிதான் இருக்கும். அதில் ஒரு ஜோடி இப்போது ஆஸ்பத்திரிக்காரர்கள் கொடுத்த பிளாஸ்டிக் பையில் கட்டிலுக்கு அடியில் இருந்தது. மற்றதைக் காணோம்.

"எங்கடி கிளம்பிட்ட?" என்று பின்னாலிருந்து பானுமதி கேட்டாள்.

பானுமதி தமிழ்ச் சங்கத்து மகளிர் அணித் தலைவி. பொங்கல் விழாவுக்குக் கோலப்போட்டி நடத்துகிற அதே கையால் நேற்றிரவு முதல் இந்த இழவையும் நடத்திக்கொண்டிருந்தாள். பாவம், அவளுக்கும் சிக்கல்தான். உடம்பு வீட்டுக்கு வராத இழவுக்கு என்ன முறை என்று அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நளினியின் கணவர் கோபாலசாமி ஆஸ்பத்திரிக் குளிர்ப்பெட்டியில் கிடந்தார். சனி, ஞாயிறு எந்த அலுவலகமும் கிடையாது. திங்கட்கிழமைதான் காகிதம் நகரும், புதன்கிழமை விமானம் ஏறினால் அதிர்ஷ்டம். உடம்பு ஊரை விட்டுப் போகும்வரை அடுப்பு பற்ற வைக்கக் கூடாது என்று பானுமதி சொல்லிவிட்டாள். அதனால் கீழேயிருந்த மலையாளி கஃபட்டீரியாவிலிருந்து ஃபிளாஸ்க் ஃபிளாஸ்க்காக டீ வந்துகொண்டிருந்தது. வந்தவர்கள் அழுவதா வேண்டாமா என்று தெரியாமல், ஏசியைக் கூட்டிக் குறைத்துக்கொண்டு, சோபாவில் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள்.

"சாதிக் பாய் கூடப் போய்ட்டு வந்துடறேங்க்கா. அவரு பை அங்க இருக்கு."

"பையத்தானே எடுக்கணும்? அவரே எடுத்துட்டு வருவார். நீ போய் உள்ள உக்காரு. இந்த நேரத்துல நீ வெளிய போனா நாலு பேரு என்ன நினைப்பாங்க?"

அந்த நாலு பேரும் சோபாவில்தான் இருந்தார்கள். அவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பது நளினிக்குக் காலையிலேயே தெரிந்துவிட்டது.

தெரியக் காரணம் சாதிக் பாட்ஷாதான், அதுவும் அவர் அறியாமல். அமீரகத்தில் இந்த அல் ஐனில் தமிழன் எவன் செத்தாலும் முதல் போன் அவருக்குத்தான் போகும். கீழக்கரைக்காரர், மருந்துக்கடை வைத்திருப்பவர், யாரும் கேட்காமலே ஓடி வருபவர். காலையில் வந்தவர் கூடத்தில் எல்லார் முன்னாலும் சொன்னார்: "ஐடி கார்டு இருக்குற பை, அவங்க பாட்டுக் கேட்ட எடத்துலயே சேர்ல தொங்குதாம்மா. ரெண்டு சேரும் முன்வரிசையில அப்படியே கெடக்காம். இன்னிக்குச் சாயங்காலத்தோட விழா முடியுது, அதுக்குள்ள எடுத்துரணும்."

ரெண்டு சேர்.

கூடத்தில் ஒருத்தி டீயை ஊதினாள். போனில் வீடியோவில் இருந்த பெரியத்தான் வரதராஜன், கோபாலசாமியின் அண்ணன், கோவில்பட்டியிலிருந்து கேட்டார்: "ரெண்டு சேரா? யாரு கூடப் போயிருந்தான்?"

நளினிக்கும் வருஷக்கணக்காக அதுதான் கேள்வி.

கோபாலசாமிக்கு அந்தப் பாட்டுப் பைத்தியம் சவூதியில், யான்புவில் பிடித்தது. கல்யாணத்துக்கு முன்னால் சுத்திகரிப்பு ஆலை ஒன்றில் கணக்குப் பிரிவில் இருந்தபோது, அமெரிக்க மேலாளர் ஒருவர் வெள்ளிக்கிழமைகளில் பாஞ்சோ என்ற தந்தி வாத்தியம் வாசிப்பாராம். புளூகிராஸ் என்று அதற்குப் பெயர். அமெரிக்க மலைக்கிராமத்து ஜனங்களின் பாட்டு. பாஞ்சோ, பிடில், மாண்டலின், கிடார், எல்லாரும் ஒரே மைக்கைச் சுற்றி நிற்பார்கள். முறை வந்தவர் முன்னால் வருவார், முடித்தவர் பின்னால் போவார். அதை அவர் சொல்லும்போது முகமே வேறாக இருக்கும். கோவில்பட்டி நாயக்கர் வீட்டுப் பிள்ளைக்கு இது எங்கிருந்து ஒட்டிக்கொண்டது என்று அண்ணன்கூடக் கேலி செய்வார். கல்யாணமான புதிதில் ஒரு நாள் வீட்டில் போட்டுக் காட்டினார். "தகர டப்பாவுல மழை பேஞ்ச மாதிரி இருக்கு" என்று நளினி சிரித்தாள். அதற்குப் பிறகு அவர் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டுதான் கேட்டார்.

அல் ஐனுக்கு வந்து சில வருஷம் கழித்து, இங்கேயும் அந்தப் பாட்டுக்காரர்கள் இருப்பதைக் கண்டுபிடித்துவிட்டார். பள்ளிக்கூட வாத்தியார்கள், நர்சுகள், எண்ணெய்க் கம்பெனிக்காரர்கள். மாதம் ஒரு தடவை கச்சேரி. பிப்ரவரியில் மலையடிவாரப் பூங்காவில் இரண்டு நாள் விழா. ஒன்றையும் விடமாட்டார். கார் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, கதவருகில் நின்று, "வாரியா?" என்பார். "நீங்க போயிட்டு வாங்க" என்பாள் இவள். உண்மையிலேயே கூப்பிடுகிறவராக இருந்தால் இரண்டாவது தடவை கேட்டிருப்பார் அல்லவா? ஒரே வார்த்தை, அதுவும் செருப்பை மாட்டிக்கொண்டு. கதவு சாத்திய பிறகு அவள் ஒன்பதாவது மாடிக் கண்ணாடி வழியாக அந்தக் கார் ரவுண்டானாவைச் சுற்றிப் போவதைப் பார்ப்பாள். அந்தச் சன்னல் திறக்காது. அவளுக்குக் கார் ஓட்டத் தெரியாது. மகன் ஆதித்யா கோயம்புத்தூருக்குப் படிக்கப் போன பிறகு, டிவியை அணைத்தால் பிரிட்ஜ் உறுமுவது மட்டும்தான் வீட்டில் கேட்கும்.

ஒரு மணற்காற்றுக்குப் பிறகு கார் டிக்கியைத் துடைத்தபோதுதான் மடக்கு நாற்காலிகளைப் பார்த்தாள். ஒன்று நீலம், ஒன்று பச்சை. நீலத்தின் துணி தொய்ந்திருந்தது. சரி, அவர் கனம் அப்படி. பச்சையும் தொய்ந்திருந்தது. அதன் மடிப்பில் ஒரு நீளமான செம்பட்டை முடி இருந்தது.

அவள் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்ற பயம். முடியை எடுத்து மணலோடு தட்டிவிட்டாள், மனசிலிருந்து தட்டத் தெரியவில்லை. இப்போது ஆளே போய்விட்டார். புதன்கிழமை அந்தப் பெட்டியோடு இவளும் ஏற வேண்டும். அவள் விசா அவர் விசாவைப் பிடித்துக்கொண்டு நின்றது, அது இனி நிற்காது. "எல்லாத்தையும் கட்டிக்கிட்டு வந்துரு, திரும்பிப் போற சோலி வேண்டாம். மேலவீட்டு ரூமை ஒழிச்சு வச்சிருக்கு" என்று பெரியத்தான் சொல்லிவிட்டார். ஒரு ஒன்பதாவது மாடியிலிருந்து ஒரு மேலவீட்டுக்கு. அங்கே போய் உட்கார்ந்து மிச்ச ஆயுசுக்கும் அந்தப் பச்சை நாற்காலியை நினைத்துக்கொண்டிருக்க வேண்டுமா? நேற்றிலிருந்து அவளுக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது.

"நானே போகணும்க்கா" என்றாள் பானுமதியிடம்.

"சொன்னாக் கேளுடி."

"இல்லக்கா."

கையில் அகப்பட்ட யாருடைய செருப்பையோ மாட்டிக்கொண்டு லிஃப்டுக்குள் நுழைந்தாள். ஒரு அளவு பெரிதாக இருந்தது. கதவு மூடும்போது பானுமதி போனைக் காதில் வைப்பது தெரிந்தது. கோவில்பட்டிக்குத்தான்.

சாதிக் பாட்ஷா காரை எடுத்தார். ரவுண்டானாவைத் தாண்டும்போது அவள் திரும்பித் தன் சன்னலைத் தேடினாள். எல்லாச் சன்னலும் ஒரே மாதிரி வெயிலில் பளபளத்தன. இத்தனை வருஷம் அங்கே நின்று கையசைத்திருந்தாலும் அவருக்குத் தெரிந்திருக்காது.

"பை எந்தச் சேர்லன்னு கேட்டு நான் எடுத்தாறேன் தங்கச்சி. நீங்க வண்டியில இருங்க" என்றார், பூங்கா வாசலில்.

"வேண்டாம் பாய். நான் மட்டும் போறேன்."

அவர் ஒரு கணம் அவளைப் பார்த்துவிட்டு என்ஜினை அணைத்தார். "ஆகட்டும். அவசரமில்ல."

கோபாலசாமியின் கார் ஒரு மரத்தடியில் தூசி படிந்து நின்றது. அதைப் பார்க்காமல் தாண்டினாள். புல்வெளியில் பாதிக்குமேல் வெள்ளைக்காரர்கள். நடுவே பிலிப்பினோக்கள், ஒன்றிரண்டு அரபுக் குடும்பங்கள், கரி அடுப்பில் ஏதோ வாட்டும் வாசனை. மேடை சின்னதுதான். ஒரே மைக். அவர் சொன்னது போலவே ஐந்து பேர் அதைச் சுற்றி நின்றார்கள். தகர டப்பாவில் மழை பெய்தது.

முன்வரிசையின் ஓரத்தில் நீல நாற்காலியைக் கண்டாள். காலியாக இருந்தது. அதன் கையில் அவருடைய கறுப்புப் பை தொங்கியது. பக்கத்தில் பச்சை நாற்காலி. அதில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். முதுகில் செம்பட்டை முடி பின்னல் போட்டுத் தொங்கியது.

நளினி நின்றுவிட்டாள். திரும்பிப் போய்விடலாம் என்று தோன்றியது. எங்கே திரும்புவது? வீட்டில் பானுமதி, போனில் பெரியத்தான். பெரிய செருப்பு புல்லில் சப்பு சப்பு என்று அடிக்க, அவள் நடந்தாள். அந்த மயிர்க்காரி முகத்தையாவது பார்த்துவிட்டுப் போகிறேன் என்று நடந்தாள்.

முகம் அறுபது தாண்டிய முகம். வெயிலில் சிவந்து, மூக்குக்கண்ணாடி நுனிக்கு வந்திருந்தது. நளினி பையில் கை வைத்ததும் அவள் நிமிர்ந்து பார்த்தாள். சேலையைப் பார்த்தாள், பிறகு முகத்தை.

"நளினி?" என்றாள். பெயரைச் சரியாகவே சொன்னாள்.

நளினி தலையசைத்தாள். உடனே அந்தப் பெண் எழுந்து நின்றாள். முழங்கால் வலி போலிருக்கிறது, கைப்பிடியை ஊன்றி, ஆனால் அவசரமாக, வகுப்புக்குள் தலைமையாசிரியர் வந்ததுபோல எழுந்தாள். மன்னிக்கணும், உன் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன் என்றாள் ஆங்கிலத்தில்.

என் நாற்காலியா?

பெயர் மார்கரெட், நர்சாக இருந்து ஓய்வு பெற்றவள், அயர்லாந்துக்காரி. பாட்டு நடந்துகொண்டிருந்ததால் காதருகில் வந்து சொன்னாள். இங்கே வழக்கம் ஒன்று இருக்கிறது. காலையிலேயே வந்து அவரவர் நாற்காலியைப் போட்டுவிட்டு எங்கே வேண்டுமானாலும் போகலாம். யாரும் நகர்த்த மாட்டார்கள். காலியாக இருந்தால் யாரும் உட்காரலாம். சொந்தக்காரர் வந்துவிட்டால் ஒரு வார்த்தை பேசாமல் எழுந்துவிட வேண்டும். சாமி, கோபாலசாமிக்கு இங்கே அதுதான் பெயர், எப்போதும் இரண்டு போடுவார். இது யாருடையது என்று கேட்டால், "மிஸஸ் நளினியுடையது, அவர் வரும்வரை உட்காருங்கள்" என்பார். இதில் உட்காராதவர்கள் இந்தக் கூட்டத்திலேயே கிடையாது. நேற்றுகூட ஒரு சூடான் டாக்டர் உட்கார்ந்திருந்தார். ஆம்புலன்ஸ் வரும்வரை அவர்தான் நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தார்.

பிறகு மூக்குக்கண்ணாடியைத் தள்ளிவிட்டுக்கொண்டு சொன்னாள்: "ஆறு வருஷத்தில் இதிலிருந்து யாரும் எழுந்துகொள்ள நேர்ந்ததே இல்லை. நான்தான் முதல்."

நளினி அவள் முடியைப் பார்த்தாள். அடுத்த வரிசையில் இன்னொரு பெண்ணுக்கும் செம்பட்டை முடிதான். அதற்கடுத்த வரிசையில் ஒரு ஆணுக்கும். பாவி மனுஷா, என்று நினைத்தாள். ஊரில் இருக்கிற அத்தனை பேரிடமும் சொல்லத் தெரிந்தது. இன்னொரு தடவை என்னிடம் கேட்கத் தெரியவில்லையே.

பையை எடுத்துக்கொண்டு கிளம்பியிருக்கலாம். மார்கரெட் இன்னும் நின்றுகொண்டே இருந்தாள். மேடையில் பிடில்காரர்கூட இந்தப் பக்கம் பார்த்துவிட்டுத் தலையை லேசாகத் தாழ்த்தினார். இவள் உட்காராமல் அவர்கள் யாரும் விடமாட்டார்கள் என்று தெரிந்தது. உட்கார்ந்தாள். தொய்ந்த துணி அவளை உள்ளே வாங்கிக்கொண்டது. பை மடியில் இருந்தது. அதற்குள் போன் அதிர்ந்தது, அவர் போன். 'அண்ணன்' என்று காட்டும், பை கைக்கு வந்ததா என்று பார்க்கிறார். எடுக்கவில்லை. அது அடங்கியது. உடனே அவள் கைப்பையில் இருந்த போன் அடிக்க ஆரம்பித்தது. அதையும் விட்டாள். இந்தப் பாட்டு முடியட்டும். முடிந்ததும் போய்த்தான் ஆக வேண்டும், பானுமதிக்கும், பெரியத்தானுக்கும், புதன்கிழமைக்கும்.

பாஞ்சோக்காரர் பின்னால் போக, மாண்டலின் முன்னால் வந்தது. இது வேறு மாதிரிப் பாட்டு, மெதுவாக. கேட்கும்போது தகர டப்பா நினைவுக்கு வரவில்லை. அவளுக்கு முகம் நனைந்திருந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

நேற்றிலிருந்து அந்த நீல நாற்காலியில் மட்டும் யாரும் உட்காரவில்லை போலும். அதன் தொய்ந்த துணியில் மெல்லிசாகத் தூசி படிந்திருந்தது. இது எதுவும் தெரியாத ஒரு ஆள், ஏதோ கம்பெனி அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டியவன், இடம் தேடிக்கொண்டு வரிசையோடு வந்தான். நாற்காலியைக் காட்டி, உட்காரலாமா என்று நளினியிடம் கையால் கேட்டான். பின்வரிசையில் போய் உட்கார்ந்திருந்த மார்கரெட் வேண்டாம் என்று சொல்ல எழுவது தெரிந்தது.

நளினி முந்திக்கொண்டாள். "உக்காருங்க" என்றாள், தன்னை அறியாமல் தமிழில். "அவரு வந்தா மட்டும் எந்திரிச்சிரணும்."

வளைகுடாவில் முகம் தெரியாத ஆளிடம் தமிழில் பேசினால் பாதிக்குப் பாதி மலையாளிதான் பதில் சொல்வான்.

"சரி சேச்சி" என்றான் அவன். பூங்கா வாசல் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, நாற்காலியின் நுனியில், எந்த நேரமும் எழுந்துகொள்ளத் தோதாக உட்கார்ந்தான்.