கண் திரைக்கு லேசர்

"மரணக் கதிர்னு எழுதியிருக்கீங்களே, யாரைக் கொல்லப் போறீங்க?" சிவப்புப் பேனாவைத் திறந்தபடி கேட்டாள் மதனவதி.

எதிரே நின்ற தனசேகரன் அசடு வழிந்தான். சென்னை நாளிதழ் ஒன்றுக்குக் காஞ்சிபுரம் நிருபர் அவன். "மரணம்னு போட்டா முதல் பக்கம் மேடம். வெறும் ஒளின்னா உற்சவச் செய்திக்குக் கீழே தள்ளிடுவாங்க."

"தள்ளட்டும். பொய் வேணாம்."

மதனவதி கல்லூரியில் இயற்பியல் விரிவுரையாளர். அப்போது புதிதாக வந்திருந்த லேசரைப் பற்றி முந்தின நாள் அவள் பேசியதைத்தான் அவன் செய்தியாக்கியிருந்தான். விஞ்ஞானம் என்றாலே பத்திரிகைகளில் வெடிகுண்டு, இல்லாவிட்டால் அதிசயம். அது அவளுக்கு எரிச்சல். அனுப்புமுன் காட்டச் சொல்லி அவளேதான் கேட்டு வாங்கினாள்.

வரிக்கு வரி திருத்தினாள். அணு வெடிப்பதில்லை, ஒளியைச் சிறு சிறு பொட்டலங்களாக வெளிவிடுகிறது. லேசரில் ஒரு பொட்டலம் இன்னொன்றைத் தூண்ட, எல்லாம் ஒரே சீராக நடைபோடுகின்றன. வெளிநாட்டில் கிழிந்த விழித்திரையை இந்த ஒளியால் ஒட்டவைக்கிறார்கள். அந்த வரியை இரண்டு முறை படித்து 'சரி' போட்டாள். தலைப்பிலும் 'மரணக் கதிர்' என்பதை அடித்துவிட்டு 'விழித்திரை' என்று எழுதினாள்.

"தலைப்புல விழித்திரைன்னா பாடப்புத்தகம் மாதிரி இருக்குது மேடம். சனங்களுக்குப் புரியணும். சீக்கிரம், செய்திக் கவர் போற மெட்ராஸ் பஸ் கிளம்பிடும்."

யோசித்து அவளே எழுதினாள்: 'கண் திரைக்கு லேசர் வைத்தியம்.' எளிமையாக அமைந்ததில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட.

ஏழு மாதம் கழித்து, ஒரு சனிக்கிழமை மதியம் தனசேகரன் மறுபடி வந்தான். முகத்தில் ரத்தமே இல்லை.

"எங்க அக்காவுக்குப் பார்வை போயிடுச்சு மேடம். ஆஸ்பத்திரியில அப்பவே ஆபரேஷனுக்கு நாள் குறிச்சாங்க. கத்தின்னா அக்காவுக்குப் பயம். நான்தான் நம்ம செய்தியைப் படிச்சுக் காட்டி, 'பொறுக்கா, கண் திரைக்கு லேசர் வந்துடும்'னு சொன்னேன். இப்பப் போனா டாக்டர் திட்றார். அது திரையே இல்லையாம். கண்ணுக்குள்ள அழுத்தமாம், நரம்பு செத்துப்போச்சாம். அப்பவே வந்திருந்தா இருந்த பார்வையாவது நின்னிருக்குமாம்."

மதனவதிக்கு அப்போதுதான் உறைத்தது. கண்ணுக்குள் பின்புறம் இருக்கும் விழித்திரையைத்தான் அவள் 'கண் திரை' என்று எழுதினாள். ஆனால் பார்வை மங்கினாலே 'கண்ணுல திரை விழுந்துடுச்சு' என்பதுதான் ஊர் வழக்கம். பிறந்ததிலிருந்து கேட்ட பேச்சு. ஒளிப் பொட்டலத்தைத் திருத்திய பேனா இந்தத் 'திரை'யைப் பார்க்கவில்லை.

அவனோடு நெசவாளர்கள் வாழும் பிள்ளையார்பாளையத்துக்குப் போனாள். அவன் அக்கா ரேணுகாம்பாள் தறியடியில் உட்கார்ந்து, தீர்ந்த பாவு நூலின் நுனியோடு புதுப் பாவு நூலைப் பிணைத்துக்கொண்டிருந்தாள். விரல்கள் தடவித் தடவி ஒவ்வோர் இழையாகத் தேடின.

"யாருடா கூட?"

"காலேஜ் மேடம்கா."

"வாம்மா, உக்காரு. பட்டுல மிதிச்சுடாதே. எனக்குத் தெரியாதுன்னு நெனைக்காதே, கத்துவேன்." சிரித்தாள். "அந்த வெளிச்சத்தைப் பத்தி எழுதினது நீதானா?"

"தலைப்பு நான் வெச்சதுதான், அக்கா."

"நல்லாத்தான் வெச்சிருந்தே. கேட்டதுமே தெம்பா இருந்துச்சு. எப்பம்மா வரும் அது?"

தனசேகரன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். டாக்டர் தன்னிடம் தனியாகச் சொன்னதை அவன் அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை.

"உங்க கண்ணுக்கு அது இல்லைக்கா," என்றாள் மதனவதி. "அது வேற கோளாறுக்கு. உங்களுக்கு அப்பவே ஆபரேஷன்தான் செஞ்சிருக்கணும். இப்ப அதுவும் உதவாது."

விரல்கள் நின்றன.

"இதை அப்பவே போட்டிருக்கலாமேம்மா."

"தப்புதான்கா." மதனவதி அழுதேவிட்டாள்.

"அழுதுக்கினு இருந்தா? என்னை மாதிரி இன்னும் யார் யாரு காத்துக்கினு இருக்காங்களோ. டேய் தனசேகரா, எழுதுடா."

அவன் காகிதம் எடுத்தான். மதனவதி மெல்லச் சொல்லத் தொடங்கினாள்: "கண் திரை என்று முன்பு வெளியானது விழித்திரையைக் குறிக்கும்..."

"அதெல்லாம் அப்புறம் போடும்மா," ரேணுகாம்பாள் குறுக்கிட்டாள். "டாக்டர் ஆபரேசன் சொல்லியிருந்தா நாளைக்கே போங்கன்னு முதல்ல போடு."

அந்த வரியை மட்டும் யாரும் திருத்தவில்லை.