பல் போன கோல்கீப்பர்

அடமானத்துக்குப் போன பதினோராவது மாதம், அட்டையில் இருந்த கோல்கீப்பருக்குத் தாடி முளைத்தது. கால்பந்து வீரர் படம் போட்ட, சேகரிப்பவர்கள் தேடி வாங்கும் உள்ளங்கை அளவு அட்டை. பந்தை நோக்கிப் பாய்ந்தபடி, பல் தெரியச் சிரித்துக்கொண்டு, நாற்பது வருடமாக அதில் அவர் இருபத்திரண்டு வயதிலேயே இருந்தார். அச்சானவற்றில் மிஞ்சியது ஆறே ஆறு என்பதால், அதை விற்றால் ஒரு வீடு வாங்கலாம்.

அட்டை, பல்செட் செய்பவரின் மனைவியுடையது. இறந்துபோன அவளுடைய அண்ணன் பாடப்புத்தகத்துக்குள் வைத்துக் காப்பாற்றியது. அண்ணன் நினைவாக அவளிடம் இருந்தது அது ஒன்றுதான். கணவருக்கோ கூலிக்குப் பல் செய்து அலுத்துவிட்டது, சொந்தப் பட்டறை வேண்டும். விற்றால்தானே போகும், அடமானம் என்றால் திரும்பி வந்துவிடும் என்று மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டே இருந்தார். கரைப்பார் கரைத்தால் கல்லும் கரையும்.

"எங்க அண்ணன் எப்படிக் குடுத்தானோ அப்படியே வரணும்" என்று சொல்லி எடுத்துக் கொடுத்தாள்.

அதனால் கடன் நிறுவனத்து மேலாளரை அவர் துளைத்தெடுத்துவிட்டார். தீப்பிடித்தால்? தண்ணீர் புகுந்தால்? பூச்சி அரித்தால்? மூன்றுக்கும் காப்பீடு இருந்தது. சாயம் வெளுத்துவிடக் கூடாதே என்று, துளி வெளிச்சமும் படாத அறையில்தான் வைக்க வேண்டும் எனத் தனியாக ஒரு வரி எழுதிக் கையெழுத்தும் போட்டார். பாய்ந்த நிலையில் ஒரு மனிதன் இருட்டில் எத்தனை நாள் தாங்குவான் என்பதை மட்டும் கேட்கவில்லை. அட்டை வைத்திருப்பவர்கள் யாரும் அதைக் கேட்பதில்லை.

வருடாந்திரச் சோதனைக்கு வந்த மதிப்பீட்டாளர் தாடியைப் பார்த்து 'நிலை: சுமார்' என்று எழுதிவிட்டு டீ குடிக்கப் போனார். விலை பாதியாக இறங்கியது. அந்தக் குறைக்கு வேறு ஈடு கொடுங்கள், இல்லையென்றால் அட்டை ஏலத்துக்குப் போகும் என்று கடிதம் வந்தது. அடமானப் பணத்தில் போட்ட பட்டறையின் புது எந்திரத்தைக் கணவர் எழுதிக் கொடுத்தார். அடுத்த வருடம் கோல்கீப்பர் தலை முழுக்க நரைத்து, கன்னம் ஒட்டி, கோல் கம்பத்தில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். பந்து எங்கோ உருண்டு போயிருந்தது. ஏலச் செலவுக்குக்கூட அட்டை தேறாது என்று முடிவு செய்த நிறுவனம், எந்திரத்தைக் கடனுக்கு ஈடாக எடுத்துக்கொண்டு அட்டையை ஒரு உறையில் போட்டுத் திருப்பிக் கொடுத்தது.

"இருட்டுல வைக்கச் சொன்னது நீங்கதான் சார். உங்க கையெழுத்தே இருக்கு" என்றார் மேலாளர்.

பழைய குருடி கதவைத் திறடி என்று மறுபடியும் கூலி வேலைதான். அது அவருக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அவளிடம் உறையை எப்படி நீட்டுவது என்றுதான் வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது.

அவள் அட்டையை ஜன்னலருகே கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தாள். அழுதாள். "அண்ணன் இருந்திருந்தா அவனுக்கும் இப்போ நரைச்சுதான் இருக்கும்" என்றாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள்: "வாயைப் பாருங்க, ஒரு பல்லுகூட இல்ல. நீங்க என்ன வேலைதாங்க பாக்குறீங்க?"

ஒன்பது நாள் உட்கார்ந்து, அரை அரிசி அளவில் மேலும் கீழுமாக ஒரு செட் செய்து ஜன்னல் விளிம்பில் அட்டையருகே வைத்தார். மறுநாள் மதியம் அது அங்கே இல்லை. அட்டையில் கிழவர் வெயிலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். இடது ஓரம் கொஞ்சம் உரசியது போலிருக்கிறது, மூன்றாம் நாள் செட் விளிம்புக்குத் திரும்பி வந்தது. அதையும் அரத்தால் ராவிக் கொடுத்தார்.