நாற்பது கிலோ அரிசிக்குத் தண்ணீர்

அன்று அடுப்பருகே இருந்தவர்கள் கெலமங்கலம் புளி வியாபாரி கௌஸ் மொய்தீன், அவர் மனைவி காத்தூன், ஓசூர்த் தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்த மூத்த மருமகன் ஷௌகத் அலி, பிரியாணி ஆக்க வந்த பண்டாரி அக்பர் பாஷா. இளைய மகள் ஷரீஃபுன்னிசா கதவுக்கு உள்ளே நின்றாள். நிச்சயம் அவளுக்குத்தான் என்பதால் வெளியே வரவில்லை. இவர்களைத் தவிர வேறு எவருக்கும் அன்றைய தண்ணீர்க் கணக்கைப் பற்றிப் பேச உரிமையில்லை. ஆனால் ஊரே பேசியது.

பர்கூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்து சேரும் நேரத்தில்தான், தன் இரும்புப் படியை ஆனேக்கல் கல்யாண வீட்டிலேயே விட்டுவிட்டதாக அக்பர் பாஷா தலையைச் சொறிந்தார். அந்தப் படியால் ஒன்று அரிசி, அதே படியால் ஒன்றரை தண்ணீர். அவர் சமையல் அவ்வளவுதான். கிலோ அவருக்குத் தெரியாது. அரிசியோ நாற்பது கிலோ என்று கடையில் நிறுத்து வந்த மூட்டை. வீட்டில் இருந்தது பால் அளக்கும் லிட்டர் ஒன்று.

படிக்கு எத்தனை கிலோ என்று கௌஸ் மொய்தீன் பொதுவாகக் கேட்டுத் தொலைத்தார். காத்தூன் ஒன்றரை என்றாள். பண்டாரி ஆனேக்கல் பக்கத்துச் சேர் அளவில் தொடங்கி எங்கேயோ போனார். சர்க்கார் அளவுகளை மாற்றி இத்தனை வருஷமாகியும் ஒரு வீட்டில் இரண்டு பேர் ஒரே பதில் சொல்லமாட்டார்களா என்று கௌஸ் மொய்தீனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மருமகன் முன்னால் வந்தார்.

“ஒரு லிட்டர்னா ஒரு கிலோ, மாமா. அஞ்சாங்கிளாஸ் பாடம். நாப்பது கிலோவுக்கு அறுபது லிட்டர் ஊத்தச் சொல்லுங்க.”

“அத்தா, அது தண்ணிக்குத்தான்,” என்றது கதவுக்குள்ளிருந்து ஒரு குரல். “ஒரு லிட்டர் அரிசி ஒரு கிலோ வராது. அரிசியையும் அந்த லிட்டர்லயே அளந்துட்டு ஊத்தச் சொல்லுங்க.”

ஷரீஃபுன்னிசா நாலாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் நடத்துகிற பாடம் அது. ஆனால் வீட்டு மருமகனைப் பண்டாரி முன்னால் திருத்துகிற வழக்கம் அந்தக் குடும்பத்தில் இல்லை. விருந்தாளி வாசலுக்கு வரும்போது பால் அளவையால் அரிசியை அளந்துகொண்டிருப்பதும் இல்லை. கௌஸ் மொய்தீன் கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். பண்டாரியிடம் அறுபதே ஊற்றச் சொன்னார்.

அண்டாவின் மூடியைத் திறந்து தம் உடைத்தபோது, தண்ணீர் போதாமல் அரிசி நறுக்கு நறுக்கென்று இருந்தது. வெந்நீர் தெளித்து, மூடிமேல் புதுக் கங்கு போட்டு, மறுபடி காத்திருந்தார்கள். மதிய லுஹர் தொழுதுவிட்டு வந்தவர்கள் வெறும் விரிப்பின் முன் உட்கார்ந்து சர்பத்தையே குடித்தார்கள். என்ன தாமதம் என்று மாப்பிள்ளையின் பெரியம்மா ஃபகருன்னிசா கேட்க, தண்ணீர்க் கணக்கில் ஏதோ தப்பு என்று யாரோ சொல்லிவைத்தார்கள்.

“பொண்ணு கணக்கு டீச்சராச்சே,” என்று அந்த அம்மாள் சிரித்தார்.

ஷௌகத் அலி தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் சோறு நன்றாகவே வெந்தது, எல்லோரும் சாப்பிட்டார்கள். ஆனால் மாப்பிள்ளை வீட்டார் கல்யாணத் தேதி குறிக்காமல், சொல்லியனுப்புகிறோம் என்று கிளம்பிவிட்டார்கள்.

அரிசிக்குத் தண்ணீர் சொல்லத் தெரியாதவள் பிள்ளைகளுக்கு என்னத்தைச் சொல்லிக்கொடுப்பாள் என்ற பேச்சு பர்கூரில் கிளம்பி, சந்தை வழியாகக் கெலமங்கலம் பள்ளிக்கூடம் வரை வந்தது. மூத்த மருமகன் பெயரை இழுக்காதீங்க, பெரியவள் அவர் வீட்டில் வாழ வேண்டியவள் என்று காத்தூன் அழுதாள். கௌஸ் மொய்தீனும் பல்லைக் கடித்துக்கொண்டு வெள்ளிக்கிழமை வரை இருந்தார். அன்று பள்ளியிலிருந்து வந்த மகள், தன் நாலாம் வகுப்புக்கு வேறு டீச்சரைப் போட்டுவிட்டார்கள் என்று மட்டும் சொன்னாள். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு பர்கூர் பஸ் ஏறினார்.

ஃபகருன்னிசா வீட்டில் நாற்காலி போட்டார்கள். அவர் உட்காரவில்லை. தேநீரையும் வாங்கவில்லை.

“அறுபது லிட்டர்னு சொன்னது என் மூத்த மருமகன். ஊத்தச் சொன்னது நான். அது தப்புன்னு அப்பவே சொன்னது ஷரீஃபுன்னிசா. சம்பந்தம் வேணாம்னா வேணாம்னு சொல்லுங்கம்மா. எம்பொண்ணுக்குக் கணக்குத் தெரியாதுன்னு சொல்லாதீங்க.”