லேட் பொன்னுதுரை

பொன்னுதுரை மிதித்த மிதியில் சைக்கிள் செயின் கழன்றுவிடும் போலிருந்தது. காஜா பேராங் சாலையில், அவர் வீட்டுக்கு நாலு கடை தள்ளி, புதிதாகத் திறக்கவிருந்த சீனர் மளிகைக்கடை மாடியிலிருந்து தரைவரை தொங்கியது செக்கச்செவேலென்று ஒரு பட்டாசுச் சரம்.

மணி மூன்றே முக்கால். நாலு மணிக்கு மகள் மல்லிகாவைப் பெண் பார்க்க வருகிறார்கள். நாலு மணிக்கேதான் சரத்துக்கும் நெருப்பு வைக்கிறார்களாம்!

"தவுக்கே! அஞ்சு மணிக்கு வெடிக்கக் கூடாதா?" என்று கடைக்காரரிடம் மலாயில் கெஞ்சினார்.

"தா போலே! முடியாது. கோயில்ல குறிச்ச நேரம். தள்ளிப்போட்டா கடை படுத்திடும்."

"இல்லாட்டி நான் படுத்திடுவேனே!" என்று தமிழில் முனகிவிட்டு வீட்டுக்குப் பறந்தார்.

நாட்டுக்கு மெர்டேக்கா கிடைத்து மூன்று வாரமாகிறது. போர் முடிந்து பன்னிரண்டு வருஷம். பொன்னுதுரைக்கு மட்டும் இன்னும் விடுதலையில்லை. இந்திய தேசிய ராணுவத்தில், ஹவில்தாருக்கு ஒரு படி கீழான நாயக் பதவியில் பர்மாவரை போய்த் திரும்பியவர். எங்கே 'டப்'பென்று கேட்டாலும் "லேட் ஜாவ்!" என்று அலறிக்கொண்டு தரையில் விழுவார். 'படுத்துக்கொள்' என்பதற்குப் படையில் சொல்லித்தந்த இந்துஸ்தானிக் கட்டளை அது. தெருவில் யாருக்கு இந்துஸ்தானி தெரியும்? மனிதர் எதற்கோ 'லேட்' என்று கத்துகிறார் என்று நினைத்து, லேட் பொன்னுதுரை என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

"உசுரோட இருக்கிற மனுசனுக்கு லேட்டாம்! வெளங்கின மாதிரிதான்" என்று மனைவி கமலவேணி தலையிலடித்துக்கொள்வாள்.

போன தை மாதம் புக்கிட் காதிலிலிருந்து ஒரு வரன் வந்தபோது, வெளியே லாரி டயர் வெடித்தது. பொன்னுதுரை மாப்பிள்ளையின் அப்பாவையும் சேர்த்து மேசைக்கடியில் இழுத்துப் போட்டார். கேசரியைக்கூட முடிக்காமல் ஓடினார்கள். அன்று மல்லிகா சிரித்தாள். இன்று அப்படி நடந்தால் அழுவாள். செமாபோக் ஊர் மாப்பிள்ளை சேதுபதியை அவளுக்கு ரொம்பவே பிடித்திருந்தது.

வாசலில் கமலவேணி பஞ்சும் கையுமாக நின்றாள். "காதைக் காட்டுங்க. அவங்க எது கேட்டாலும் சிரிச்சிக்கிட்டுத் தலையாட்டுங்க, போதும்."

சேதுபதி தன் அக்கா பாக்கியலட்சுமியோடு வந்தான். தாய் தகப்பன் இல்லாத வீடு. ஜப்பான்காரன் காலத்தில் சிங்கப்பூருக்குத் தையல் வேலைக்குப் போய்வந்து, தம்பியை ஆளாக்கியவள் அவள். அவள் வைத்ததுதான் சட்டம்.

நிலைப்படியிலேயே நின்று ஜன்னல்களை எண்ணுவதுபோல் பார்த்தாள். "பின்வாசல் திறந்துதான் இருக்குமா, அக்கா?"

"ஆமாங்க, நல்ல காத்து வரும்" என்றாள் கமலவேணி, வீட்டை எடைபோடுகிறாளே என்ற கலக்கத்தோடு.

சுவரோரமாக, வாசலைப் பார்த்தபடி கிடந்த நாற்காலியில் பாக்கியலட்சுமி உட்கார்ந்தாள். பன்னிரண்டு வருஷமாகப் பொன்னுதுரையைத் தவிர யாரும் உட்காராத இடம்! வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்த பொன்னுதுரைக்குப் பிடரியில் எறும்பு ஊர்ந்தது.

"ஐயாவுக்குக் குடிக்கிற பழக்கம் உண்டா?"

பொன்னுதுரை சிரித்துக்கொண்டே பலமாகத் தலையாட்டினார்.

"தேத்தண்ணி! தேத்தண்ணியைச் சொல்றாரு!" என்று பாய்ந்தாள் கமலவேணி.

அந்த நொடியில் சரம் வெடித்தது. பஞ்சாவது ஒன்றாவது! தரையே அதிர்ந்தது.

"லேட் ஜாவ்!"

பொன்னுதுரை மேசைக்கடியில் கிடந்தார். சத்தம் அடங்கியது. கண்ணைத் திறக்கவில்லை. போச்சு, மல்லிகாவின் கல்யாணம் இரண்டாவது தடவையாகப் போச்சு. இந்நேரம் செருப்பை மாட்டியிருப்பார்கள். பஞ்சைப் பிடுங்கிக்கொண்டு மெல்லக் கண்ணைத் திறந்தார்.

பக்கத்தில், பட்டுச்சேலையோடு குப்புறப் படுத்திருந்தாள் பாக்கியலட்சுமி. தலைமேல் கைப்பை, முழங்கைகள் உள்ளடங்கி, கன்னமும் குதிகால்களும் தரையோடு. அச்சு அசலான ராணுவப் படுக்கை!

"அம்மா... நான் நாயக் பொன்னுதுரை. நீங்க?"

சேதுபதி குனிந்து எட்டிப்பார்த்தான். "அக்கா! அவரு லேட்டுன்னுதானே கத்துனாரு? நீ எதுக்குப் படுத்தே?"

"சிங்கப்பூர்ல தையல் வேலைன்னு சொன்னது பொய்டா, தம்பி." அவள் குரல் இறங்கியது. "உண்மை தெரிஞ்சா எவன் உனக்குப் பொண்ணு தருவான்னுதான் மறைச்சேன். இதோ, இவங்களுக்கும் தெரிஞ்சுபோச்சு."

"நல்லா இருக்கே கதை!" பொன்னுதுரைக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "நாங்க எதை மறைக்கக் காதுல பஞ்சு வச்சோம்னு நினைக்கிறீங்க? பொண்ணு உங்க பொண்ணு. அந்தச் செவுத்தோர நாற்காலியும் இனிமே உங்களுக்குத்தான்!"

கதவுக்குப் பின்னாலிருந்து மல்லிகாவின் வளையல்கள் குலுங்கின.

சேதுபதிக்கு மட்டும் இன்னும் தலை கால் புரியவில்லை. "தையல் இல்லேன்னா, அங்க என்னதான் செஞ்சே?"

பாக்கியலட்சுமி படுத்தபடியே நிமிர்ந்து பார்த்தாள்.

"ஜான்சி ராணி படைடா. ஹவில்தார் பாக்கியலட்சுமி." பிறகு பொன்னுதுரையின் பக்கம் திரும்பினாள். "நாயக்! குதிகாலை எறக்குங்க."